பெரியவரின் ‘ம்’: ஒரு நிகழ்வு ஆய்வு

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா மேடம்?” என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தார்.

கும்பகோணத்தில் ஒரு சிறிய பேச்சு, செவித்திறன் மையத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் குழந்தை இன்னும் பேசவில்லை என்று வருவார்கள். மீதிப் பேர் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வாய் குழறுகிறது, அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வருவார்கள். மாமனார் தன்னிடம் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசுவதில்லை என்று ஒரு மருமகள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இது என் வேலையா, பஞ்சாயத்துக்காரர்கள் வேலையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அவர் மடியில் ஒரு ஸ்கேன் கவர் இருந்தது. சரி, சொல்லுங்க என்றேன்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை.

வீடு பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். பெரியவருக்கு 72 வயது. பதினைந்து மா நிலம். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற நம் பக்கத்துக் கணக்கில் ஐந்து ஏக்கர். ஒரே மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். மருமகளுக்கு 34, கல்யாணமாகிப் பதினொரு வருடம். பேரனுக்கு ஒன்பது. பெரியவரின் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமாகத்தான் இந்தப் புகார்.

வந்த புகார்

“ ‘ம்’பாரு. ‘டீ’ம்பாரு. கடைக்குப் போறப்ப ‘பை’ம்பாரு. அவ்வளவுதான் மேடம், அதுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது. வேலைக்கு வர்றவங்ககிட்டகூட யாரும் இப்பிடிப் பேச மாட்டாங்க. ஒரு நாளாவது முகங்கொடுத்துப் பேசியிருக்காரான்னு கேளுங்க.”

மகனுக்கும் வருத்தம். சிங்கப்பூர் நேரம் இரவு ஒன்பதுக்கு, அதாவது நமக்கு மாலை ஆறரைக்கு, வீடியோ காலில் வருவார். அப்பா திரையைப் பார்த்து ‘ம்’, ‘ம்’, ‘சரி’ என்பார், பிறகு ‘வை’ என்று முடித்துவிடுவார். “நான் என்ன தப்புப் பண்ணேன்னு அப்பா ‘வை’ங்கறாரு?” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

மருமகளுக்கு இரண்டு பயம். ஒன்று, தன்மேல் கோபம். இன்னொன்று, தலையில் ஏதாவது ஆகியிருக்குமோ என்பது. அதற்காகத்தான் ஸ்கேன். மருத்துவர் பார்த்துவிட்டு மூளையில் அடைப்பு, கசிவு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

இரண்டாவது பயம் அர்த்தமில்லாதது அல்ல. எங்கள் படிப்பே கிட்டத்தட்ட ஒற்றை அசையில் தொடங்கியது. பாரீஸை ஒட்டிய பிசேத்ர் என்ற மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓர் அசைதான் அவர் வாயில் வரும், பெரும்பாலும் ‘டான் டான்’ என்று இரண்டு தடவை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். கையை ஆட்டியும் குரலை ஏற்றி இறக்கியும் பதில் சொல்வார். 1861இல் அவர் இறந்த பிறகு பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் மண்டையைத் திறந்து மூளையைப் பார்த்து, இடது முன்பக்கத்தில் சிதைந்திருந்த இடத்தைக் காட்டினார். பேச்சுக்கு மூளையில் இன்ன இடம் என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பட்டது. ஆகவே ஒருவர் பேச்சு திடீரென்று ஒற்றை அசையாகச் சுருங்கினால், மனசைப் பார்ப்பதற்கு முன் மண்டையைப் பார்ப்பதில் தப்பே இல்லை. மன அழுத்தத்திலும் பேச்சு சுருங்கும். நடுக்குவாத நோயிலும், மூச்சுத் திணறலிலும், பொருந்தாத பல் செட்டிலும்கூடச் சுருங்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

ஆளை அழைத்து வாருங்கள் என்றேன்.

முதல் சந்திப்பு

பேரனைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. உள்ளே நுழைந்ததுமே, “வணக்கம்மா. பத்து மணின்னு சொன்னீங்களாம். தாராசுரம் வந்து பஸ்ஸு அரை மணி நேரமா நவுரலை” என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒற்றைச் சொல் ஆசாமியின் முதல் வாய்ப்பேச்சே மூன்று வாக்கியம். எழுவாய், பயனிலை, மரியாதை எல்லாம் அதனதன் இடத்தில். ‘சொன்னீங்களாம்’ என்று அடுத்தவர் வழியாக வந்த செய்தி என்பதைக்கூட ‘ஆம்’ போட்டுச் சுத்தமாகச் சொல்கிறார்.

ஆனாலும் சோதனைகள் செய்தேன். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பது வழக்கம். இவரிடம் மிருகம் எதற்கு, நெல் ரகம் சொல்லுங்கள் ஐயா என்றேன். “பழசா, புதுசா?” என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார். குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா. அப்புறம் தான் பையனாக இருந்தபோது வந்த ஆடுதுறை 27, ஐ.ஆர். 8, இப்போது குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43, நீண்டகாலச் சம்பாவுக்கு சி.ஆர். 1009. மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. நடுவில் பேரன் எழுந்து ஜன்னல் பக்கம் போனபோது, “உக்காருடா, விழுந்து தொலைக்காத” என்று ஒரு அதட்டல் வேறு.

அன்று மாலையே மருமகளைப் போனில் கூப்பிட்டு, “உங்க மாமாவுக்குப் பேச்சு நல்லாத்தான் இருக்கு” என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அப்ப என்கிட்ட மட்டும்தான் இல்லை” என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் செய்த தவறு அது.

நோட்டு

மூன்று நாள், அவர் யாரிடம் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள், நீங்கள் அதற்கு முன் என்ன கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். தன் பையனின் பழைய கட்டுரை நோட்டில், மீந்திருந்த பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்தார். இவ்வளவு ஒழுங்காக எங்கள் மாணவர்கள்கூட எழுத மாட்டார்கள். நேரம், இடம், வாயில் வெற்றிலை இருந்ததா இல்லையா என்பதுவரை குறித்திருந்தார். வெற்றிலையைக் குறிக்கச் சொன்னது நான் இல்லை.

மருமகளிடம் பெரியவர் பேசியது மூன்று நாளில் 64 தடவை. அதில் 39 வெறும் ‘ம்’. மீதியில் சரி, போதும், வேண்டாம், டீ, பை, மாத்திரை, தண்ணி, சாவி, ஃபேன்.

பேரனிடம்: வாடா, போடா, தின்னுடா, எங்கடா போன, இஞ்ச வாடா. மாட்டிடமும் கோழியிடமும் சொன்னதைக்கூட எழுதியிருந்தார். அதில் முழு வாக்கியங்கள் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரரிடம் முறைத் தண்ணீர் பற்றி அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் மருமகள் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்த நோட்டை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். புகார் ‘சின்னச் சின்னதாகப் பேசுகிறார்’ என்பது. ஆனால் எனக்கு உறுத்தியது அளவு இல்லை. மருமகளுக்கான பட்டியலில் ஒரு ஏவல் வினைகூட இல்லை. ‘வா’ இல்லை, ‘போ’ இல்லை, ‘தா’ இல்லை, ‘வை’ இல்லை. பேரனிடம் வினை கொட்டுகிறது. மகனிடம் ‘வை’ இருக்கிறது. மருமகளிடம் எல்லாம் பெயர்ச்சொல். போதும், வேண்டாம் இரண்டும் வினை மாதிரி இருந்தாலும் ஆள் பார்க்காதவை. ராஜாவிடமும் ‘வேண்டாம்’தான், ராப்பிச்சைக்காரரிடமும் ‘வேண்டாம்’தான்.

இது தற்செயலாக நடக்காது. தமிழில் ஒற்றை அசைப் பேச்சு என்றாலே முதலில் வந்து நிற்பவை ஏவல்கள்தான். நன்னூல், ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என்று கணக்குச் சொல்கிறது: நாற்பது நெடில், அதோடு ‘நொ’, ‘து’ என்ற இரண்டு குறில். வா, போ, தா, வை எல்லாம் அதில் உண்டு. நம் பக்கத்து நிலக்கணக்கு ‘மா’வின் எழுத்தும் உண்டு. நில், சொல், கேள் போன்றவையும் ஓரசைதான், ஆனால் பேச்சில் நாம் அவற்றைச் சும்மா விடுவதில்லை. நில்லு, சொல்லு, கேளு என்று ஒரு உகரத்தை ஒட்டிவிடுகிறோம். ஆக, வாய்ப்பேச்சில் உண்மையிலேயே ஒற்றை அசையாக மிஞ்சும் ஏவல்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒரு வீட்டில் மூன்று நாள் ஒற்றைச் சொல்லாகவே பேசும் ஒரு மனிதர், அந்த விரல் விட்டு எண்ணக்கூடியவற்றைத் தவிர்த்துக்கொண்டே பேசுகிறார் என்றால், அவர் எதையோ சுற்றிக்கொண்டு போகிறார்.

39 ‘ம்’

அதற்கு முன் ‘ம்’. நன்னூலின் 42இல் இது கிடையாது. மெய்யெழுத்து தனியே சொல்லாக நிற்காது. இலக்கணத்தில் இடமில்லாத இந்தச் சொல்தான் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிகம் பேசப்படும் சொல் என்று நான் பந்தயம் கட்டுவேன். கதை சொன்னால் ‘உம்’ கொட்ட வேண்டும் என்று பாட்டிகள் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். கொட்டுவது நின்றால் கதையும் நின்றுவிடும், பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம்.

நோட்டில் எழுதியதில் 39 ‘ம்’மும் ஒரே மாதிரி. காகிதத்தில் ‘ம்’முக்கு ராகம் கிடையாது. பெரியவரின் சம்மதத்தோடு ஒரு மத்தியானம் போனில் பதிவு செய்து வரச் சொன்னேன். நாற்பது நிமிடம். கேட்டுப் பார்த்ததில் நான்கு வகை பிரிந்தது. சட்டென்று கீழே இறங்குவது: சரி, ஆமாம். மேலே ஏறுவது: என்ன, கேட்கலை. மட்டமாக நீள்வது: சொல்லு, கேட்டுக்கிட்டிருக்கேன். நடுவில் மூச்சு விட்டு இரண்டாக உடைவது, ‘ம்ஹூம்’: வேண்டாம், இல்லை. இது நாம் எல்லாரும் தினமும் செய்வதுதான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

பதிவில் ஓர் இடம். சாப்பாடு முடிந்திருக்கிறது. வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் சத்தம், பாக்கு வெட்டும் சத்தம். பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் அடுப்படியிலிருந்து மருமகளின் குரல்: “டீ போடட்டுமா மாமா?” பெரியவர்: “ம்…ம்.” டம்ளர் வைக்கும் சத்தம். மறுபடி அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மருமகள் தனக்குத்தானே, “கேட்டுட்டுத்தானே போட்டேன்” என்கிறார்.

நடந்தது இதுதான். வாயில் வெற்றிலை நிறைய இருக்கும்போது உதட்டைத் திறக்க முடியாது. உதடு மூடியபடி மூக்கு வழியே வரக்கூடிய பேச்சொலி நம்மிடம் ‘ம்’ ஒன்றுதான். அதிலும் ‘ம்ஹூம்’ என்பதன் நடுவே இருக்கும் அந்தப் பெருமூச்சு வெற்றிலைச் சாறோடு வராது. மிஞ்சுவது ‘ம்…ம்’. அதை அடுப்படியிலிருந்து கேட்டால் ‘ம்ம், போடு’ என்றுதான் விழும். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவர் வெற்றிலையைத் துப்ப மனமில்லாமல் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். டீயில் ஆடை படிந்திருக்கிறது. தான் கொண்டுவந்து வைத்ததை அவர் தொடக்கூட இல்லை என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். 39இல் 17 ‘ம்’ வெற்றிலை ‘ம்’. மருமகள் தானாகவே வெற்றிலையைக் குறித்து வைத்தாரே, அவருக்குள் ஏதோ ஒன்று முன்பே கண்டுபிடித்திருக்கிறது.

மாமியார் இருந்தவரை இந்தச் சிக்கலே கிடையாது. அந்த அம்மா 45 வருடமாக அந்த ‘ம்’களைப் படித்தவர். கூடத்திலிருந்து ‘ம்’ வரும். அடுப்படிக்குள் வந்து, “மாமாவுக்கு மோர் வேணுமாம்”, “இப்ப வேண்டாமாம்” என்பார். பதினொரு வருடமாக மருமகளுக்கு மாமனாரின் பேச்சு அந்த ‘ஆம்’ வழியாகத்தான் வந்தது. அவர் போனதும் ‘ஆம்’ போய்விட்டது. அசல் ‘ம்’ மட்டும் வந்து விழுகிறது.

காது

இது சுருக்கமாகவே முடியும். இரண்டு காதிலும் வயதுக்கான செவித்திறன் குறைவு. தாழ்ந்த ஒலிகளில் 30 டெசிபல் அளவில் ஓரளவு சரி, உயர்ந்த ஒலிகளில் 60க்கு மேல். பவர் டில்லரும் மோட்டாரும் சேர்ந்து கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கலாம். இந்த மாதிரிக் காதுக்கு உயிரெழுத்து விழும், ச, த, க போன்றவை தேய்ந்து போகும். மிக்ஸி ஓடும்போது அடுப்படியிலிருந்து கேட்கும் கேள்வியில் அவர் காதுக்கு வருவது கடைசி ‘ட்டுமா?’ மட்டும். கேள்வி என்று தெரியும், என்ன கேள்வி என்று தெரியாது. திரும்பக் கேட்கக் கூச்சம். எதற்கும் பொருந்தும் பதில் ஒன்றுதான் இருக்கிறது.

காது மந்தமானவர்கள் ‘ம்’ சொல்வதை நான் தினமும் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவர்கள்தான் அதைத் திமிர் என்று படிப்பார்கள்.

வால்

வெற்றிலையும் காதும் ‘ம்’முக்குப் பதில் சொல்லிவிட்டன. வினைச்சொல் இல்லாததற்குப் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை வந்தபோது பேரனை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

“ஐயா, மருமகளை எப்படிக் கூப்பிடுவீங்க?”

கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினார். “கூப்பிடறதில்லைம்மா.”

“கூப்பிடணும்னா?”

“தம்பின்னு பேரனைக் கூப்பிடுவேன். பய வந்தான்னா அம்மாவை வரச் சொல்லுன்னு சொல்லுவேன். பள்ளிக்கூடம் போயிட்டான்னா செத்த பொறுத்துக்குவேன்.”

“ ‘வாங்க’ன்னு சொல்லலாமே?”

சிரித்துவிட்டார். “மருமவளைப் போயி வாங்க போங்கங்கறதா? ஊரு சிரிக்கும்.”

“ ‘வாம்மா’? என்னை அம்மான்னுதானே பேசறீங்க?”

“நீங்க வெளி ஆளு.” பிறகு கொஞ்சம் தள்ளி, “வீட்டுல ‘வாம்மா போம்மா’ங்கறது அவ சொல்றது. அவ இருந்தா அவகிட்டச் சொல்லுவேன்.”

அவ என்றது மனைவியை.

“அப்ப வெறுமனே ‘வா’ன்னு?”

இதற்குத்தான் முகம் மாறியது. “வா போங்கறது எங்க அப்பா காலத்துப் பேச்சும்மா. எனக்குப் பத்து வயசு இருக்கும், எங்க அப்பா வயசு ஆளை, களத்துல நெல்லு தூத்துறவரை, வாடான்னு கூப்பிட்டிருக்கேன். அவரு என்னை ‘சின்னய்யா’ம்பாரு. அப்புறம் காலம் மாறிச்சு, நானும் வாயை மாத்திக்கிட்டேன். இப்ப நம்ம வீட்டுக்கு வந்த புள்ளையப் பாத்து வா, வையின்னா நல்லாவா இருக்கும்?”

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி, வேலைநீக்கம், குத்தகைப் பங்கு பற்றியெல்லாம் பேசியது. யார் யாரை ‘வா’ என்று கூப்பிடலாம் என்பதை எந்தச் சட்டமும் எழுத முடியாது. அது வரப்பிலும் தெருவிலும், செங்கொடி ஏறிய பிறகு, சண்டை போட்டு, மெதுவாக மாறியது. இன்னும் எல்லா ஊரிலும் மாறி முடியவில்லை. ஒற்றை அசையில் இருக்கும் கூர்மை என்ன என்று ‘வா’ சொன்னவனுக்கும் தெரியும், கேட்டு வந்து நின்றவனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

நம் மொழியில் ஏவலின் வேர் சொல் மிகச் சின்னது. அதன் பின்னால் ஒட்டும் வாலில்தான் உறவு இருக்கிறது. வாங்க, வாம்மா, வாப்பா, வாடா, வா புள்ள. வால் நீளநீள மரியாதையோ செல்லமோ கூடும். வாலை வெட்டிவிட்டால் வேர் மட்டும் நிற்கும், அதுவும் ஒரு வால்தான். அதற்குப் பெயர் அதிகாரம், அல்லது மிக நெருங்கிய சிநேகம். வாலே போடாமல் ஒரு ஏவலைச் சொல்ல நமக்கு வசதி இல்லை. வாயைத் திறக்கும் முன் எதிரில் இருப்பவர் நமக்கு யார் என்று முடிவு செய்தாக வேண்டும்.

பெரியவருக்கு மூன்று வாசலும் அடைத்திருந்தது. ‘வாங்க’ என்றால் வழக்கம் தடுக்கிறது, ‘வாம்மா’ மனைவியுடையது, ‘வா’ தான் கைவிட்ட பழைய வாய். ஆகவே வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டார். டீ. பை. சாவி. பெயர்ச்சொல்லுக்கு வால் கேட்காது. இந்த எட்டு மாதமாக அவர் பேச்சு சுருங்கவில்லை. மருமகளிடம் அவர் நேராகப் பேசுவதே இந்த எட்டு மாதமாகத்தான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஆரம்பித்திருக்கிறார், தட்டுத் தடுமாறி.

‘வை’ பற்றியும் கேட்டேன். அது எளிதாக அவிழ்ந்தது. மகன் முதன்முதலில் வெளிநாடு போனபோது, பேசுவதென்றால் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். “காசு ஓடுதுல்லம்மா. புள்ளை காசு.” வாட்ஸ்அப்பில் காசு ஓடுவதில்லை என்று பேரன் பலமுறை சொல்லியும் அவருக்கு உள்ளே அந்தச் சிவப்பு எண் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவர் தலைமுறைக்கு ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற தந்தி வாசகம் மனப்பாடம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தவர்கள். தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது, பழக்கம் நிற்கவில்லை.

செய்தது

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்று பொருத்தினோம். வெற்றிலை வாயில் இருக்கும்போது ‘வேணுமா’ என்று கேட்பதில்லை, கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பது என்று மருமகளோடு பேசிக்கொண்டோம். அடுப்படியிலிருந்து கேட்காமல் எதிரில் வந்து நின்று கேட்பது. மகன் போனில், “அப்பா, காசு ஓடலை” என்று சொல்லி ஆரம்பிப்பது. தூக்கம், சாப்பாடு குறைந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது என்றும் சொன்னேன். துக்கம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதுதான் எல்லாம் என்று சொல்ல முடியாது என்கிறேன்.

‘நன்றாகப் பேசுங்கள்’ என்று பெரியவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அடுத்த எட்டு மாதம் ‘ம்’மும் வராது.

மருமகளிடம் நோட்டைத் திறந்து வைத்து, இதில் வினைச்சொல் எங்கே என்று காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். என் கண்டுபிடிப்பில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

“அப்ப மரியாதைக்குத்தான் அப்பிடிப் பேசுறாருங்கறீங்க.”

“ஆமா.”

“மரியாதைன்னா எனக்குக் கேக்கணுமே மேடம். அவரு மனசுல இருந்தா எனக்கு எப்படிக் கேக்கும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. வேலைக்காரர்களைக் கூப்பிடும் சொல் வந்துவிடக் கூடாது என்று ஒருவர் தவிர்த்துத் தவிர்த்துப் பேசியது, கேட்டவருக்கு வேலைக்காரியிடம் பேசுவதாகவே விழுந்திருக்கிறது. இதில் காதுக் கருவி மாட்ட வேண்டியது ஒரு பக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அலைந்து சரிசெய்யும் வேலை மருமகள் தலையிலேயே விழுகிறது என்பதும் உண்மை. அதைப் பெரியவரிடம் நேராகச் சொன்னேன். “நீங்க ஒண்ணும் கூப்பிடாம இருந்தா, அது அவங்களுக்கு மரியாதையாத் தெரியலை ஐயா. ஏதாவது ஒண்ணு சொல்லிக் கூப்பிடுங்க. எதுன்னு நீங்களே பாருங்க.”

“ம்” என்றார். மட்டமாக நீண்ட ‘ம்’.

மூன்று மாதம் கழித்து

கருவியைச் சரிபார்க்க மூன்று பேரும் வந்தார்கள். தாளடி நடவு முடிந்து, மழைக்காலம். கருவிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. ராத்திரியில் எங்கே வைக்கிறீர்கள் என்றேன். வெற்றிலைச் செல்லத்துக்குள் என்றார். சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில். ஒரு மூடி போட்ட டப்பாவும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் கொடுத்து, அதில் வைக்கச் சொன்னேன். நாள் முழுக்கப் போடுவதில்லை, மாலை ஆறரைக்குப் போனுக்குப் போடுகிறார், சாப்பாட்டு நேரத்தில் போடுகிறார். எனக்கு அது போதும்.

அவரைக் காதுச் சோதனை அறையில் உட்கார வைத்துவிட்டு வந்தபோது, வெளியே பெஞ்சில் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

“தாத்தா தம்பி தம்பின்னு கூப்பிடறாரு ஆன்ட்டி. நான் ஓடுனா, ‘உன்னை யாருடா கூப்பிட்டது’ங்கறாரு.”

மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “அவனுக்குத்தான் இன்னும் புரியலை. ‘தம்பி’ன்னு வெடுக்குன்னு நின்னா அவன். ‘தம்பீ…’ன்னு நீட்டினா நான்.”

“உங்களுக்கு அது சரியா இருக்கா?”

“இருக்கட்டும் மேடம். ‘பை’க்கு இது தேவலாம்.”

உள்ளே சோதனை முடிந்துவிட்டது போல. நாற்காலி நகரும் சத்தம், பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “தம்பீ…”

பையன் எழுந்தான். அவன் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.